கைநாட்டு வைப்பதற்கு முன் கேளுங்கள்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு தோட்டத்தில் 22 வருடம் கொழுந்து பறித்த அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் வெளியூர் போய்விட்டார். திரும்பிப் பெரட்டுக்கு வந்தபோது பேர் இல்லை. ஆபீசில் ஓர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார்கள். லீவு கடிதமாக்கும் என்று கைநாட்டு வைத்தார். பிறகு சங்கத்துக்குக் கொண்டு வந்தார். வாசித்தோம். அது வேலை விலகல் கடிதம்.

வேலை விலகல் என்றால், "நானாக விரும்பிப் போகிறேன்" என்று நீங்கள் சொல்வது. சேவை முடிவுறுத்தல் என்றால், நிர்வாகம் உங்களை நிறுத்துவது. வேலையைக் கைவிடல் என்றால், "சொல்லாமல் போய்விட்டார்" என்று நிர்வாகம் சொல்வது. மூன்றிலும் வேலை போகிறது, அப்புறம் வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிர்வாகம் நிறுத்தியிருந்தால், அது நியாயமா என்று தொழில் நியாய சபையில் கேட்கலாம். நியாயமில்லை என்று கண்டால், மீண்டும் வேலையோ நட்டஈடோ தரச் சொல்லி சபை கட்டளையிடலாம். நீங்களே விலகியதாகக் கடதாசி இருந்தால் அந்த வழக்கு தொடக்கத்திலேயே நொண்டும். அந்த அம்மாவுக்கு இப்போது அந்தச் சிக்கல்தான்: அது தன் விருப்பம் அல்ல என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நியாய சபைக்கு மனுப் போட வேண்டும். துரையோடு பேசுகிறோம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று காலத்தைக் கோட்டை விட்டவர்கள் நம்மில் உண்டு. தலைவர்மாரே, இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

இடைநிறுத்தம் வேறு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்பதுதான் அது. வேலை இன்னும் போகவில்லை. பயந்துபோய் விலகல் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

இனி, நாம் சேவைக்காலப் பணம் என்கிறோமே, சட்டத்தில் அதன் பெயர் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 5 வருடம் பூர்த்தி செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்த அம்மாவின் கணக்கைப் போடுவோம்: 22 தடவை 14, 308 நாள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சுலபத்துக்கு வைத்தாலும் 308,000 ரூபா. இது கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் கணக்கிடப்படும். சேவை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் மேலதிகப் பணமும் சேர்த்துத் தர வேண்டும்.

விலகல் கடிதம் கொடுத்தாலும் இந்தப் பணம் போய்விடாது. "நீயாகப் போனாய், ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இரண்டும் இதற்குள் அடங்காது, அவை தனித்தனி.

இன்னொரு வார்த்தை, "பூரண இறுதித் தீர்வு". இதற்குக் கீழே கைநாட்டு வைத்தால், "எல்லாம் வாங்கிவிட்டேன், இனிக் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்ததாகக் காட்டுவார்கள். கணக்குப் பார்க்காமல் தொடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பிரதி கேளுங்கள். தர மறுத்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று எழுந்து வாருங்கள்.

தொழிலாளி இறந்துபோனாலும் பணிக்கொடை வாரிசுகளுக்கு உண்டு. உங்கள் லயத்தில் அப்படிக் கேட்காமல் விட்ட குடும்பம் இருந்தால், மரணச் சான்றிதழோடும் பழைய சம்பளத் துண்டுகளோடும் காரியாலயத்துக்கு அழைத்து வாருங்கள்.