கண்ணின் எல்லையில் ஒரு கருமுட்டை



பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்று பக்கத்தில் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர். அந்த இடைவெளியைப் பத்தாகக் கூறு போட்டால் வரும் ஒரு கூறுதான், ஏறத்தாழ நம் வெறுங்கண்ணின் எல்லை. நல்ல வெளிச்சத்தில் ஒரு சாண் தொலைவில் வைத்துப் பார்த்தால், அவ்வளவு சிறியது வரைக்கும் கண்ணுக்குப் புலப்படும்.

நம் உடம்பின் செல்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பவை. ரத்தச் சிவப்பணுக்களை வரிசையாக வைத்தால், அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் 130 அணுக்கள் அளவுக்கு அடங்கிவிடும். ஊசி குத்திய விரலில் நாம் பார்ப்பது லட்சக்கணக்கான அணுக்கள் சேர்ந்த சிவப்பு நிறத்தைத்தான். கண்ணில் பட நீளம் மட்டும் இருந்தால் போதாது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பணுவின் இழை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். ஆனால் அது தலைமுடியைவிட மிக மெல்லியது.

செல்கள் ஏன் இத்தனை சிறியவை? ஒரு செல்லுக்கு வேண்டிய உணவும் ஆக்சிஜனும் அதன் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். செல்லின் அகலம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், உள்ளளவோ எட்டு மடங்காகிவிடும். வாசல் நான்கு மடங்கு, சாப்பிடும் வாய்கள் எட்டு மடங்கு என்றால் குடும்பம் தாங்குமா?

இந்தக் கணக்கை மீறி வளர்வது பெண்ணின் கருமுட்டை. அது சரியாகக் கண்ணின் எல்லையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் நிற்கிறது. கருவுற்ற பிறகு முதல் சில நாட்களில் அந்த ஒரு செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும்; மொத்தப் பருமன் மட்டும் கூடுவதில்லை. அந்தப் பயணத்துக்கு வேண்டிய புரதங்களையெல்லாம் கட்டுச்சோறு போலச் சுமந்திருப்பதால்தான் அது அவ்வளவு பெரிது.

இருந்தும் அது ஆய்வாளர்களின் கண்ணில் எளிதில் சிக்கவில்லை; மற்றப் பாலூட்டிகளின் முட்டையும் அப்படித்தான். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மான்களை அறுத்துப் பார்த்த மருத்துவர் வில்லியம் ஹார்வி, அவற்றின் கருப்பையில் முட்டையைக் காணவில்லை. 1672இல் ஹாலந்தின் ரெக்னியர் டி கிராஃப், சூலகத்தில் இருந்த நீர்ப்பைகளை விவரித்து, அவற்றையே முட்டைகள் என்று அழைத்தார். அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு கடந்தது. 1827இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர், ஒரு நாயின் சூலகத்தை ஆராய்ந்தபோது, நீர்ப்பைக்குள் மஞ்சளாக ஒரு சிறு புள்ளியை வெறுங்கண்ணாலேயே கண்டார். பையைத் திறந்து, அந்தப் புள்ளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பாலூட்டியின் முட்டை! மின்னல் தாக்கியதுபோலப் பின்வாங்கினேன் என்று பின்னாளில் தன்வரலாற்று நூலில் அவர் எழுதினார். நுண்ணோக்கி அதை உறுதிசெய்தது. முதலில் கண்டது கண்தான். புள்ளி எல்லாக் காலத்திலும் அங்கேதான் இருந்தது. அதைப் பொருட்படுத்திக் குனிந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

நேயர்களே, பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அதன் கருமுட்டைகளாக வளரப்போகும் செல்கள் உருவாகிவிடுகின்றன. உங்கள் அம்மாவைப் பாட்டி சுமந்திருந்த அந்த மாதங்களிலேயே, பின்னாளில் நீங்கள் ஆகப்போகிற செல்லும் அங்கே இருந்தது. அப்போது அது கண்ணுக்கு எட்டாத சிறு துகள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வளர்ந்து, ஒருநாள் அந்த ஸ்கேல் இடைவெளியின் பத்தில் ஒரு பங்கைத் தொட்டது. இன்று வீட்டில் அந்தப் பாட்டி இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். உங்களை முதலில் சுமந்தவர் அவர்தான்.