நாலு பேரும் நம் மனமும்

திருவனந்தபுரம் வலியசாலையில், மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். ஓரகத்தில் தாளிக்கும் ஓசை அடுத்த அகத்துக் கூடத்தில் கேட்கும். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் யாருக்கேனும் மனம் சோர்ந்து, உறக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்துபோனால், முதலில் எழும் கவலை நோயைப் பற்றியதன்று, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதே. 1870-இல் தோன்றிய மனநல மருத்துவமனை அந்நகரில் உண்டு. அது இருக்கும் ஊளம்பாறையின் பெயரோ ஏச்சுச் சொல்லாகிவிட்டது! ஆகவே ஜாதகம் பார்ப்போம், பரிகாரம் செய்வோம். பரிகாரத்தை நாம் குறை கூறவில்லை. மாதங்கள் கழிந்துவிடுகின்றனவே, அதுதான் ஆபத்து.

மருந்தோடு சேர்த்தோ, மருந்தின்றியோ, பேச்சினாலேயே மனத்தைத் தேற்றும் முறை உண்டு. பயிற்சி பெற்ற ஒருவருடன் குறித்த நேரத்தில் தனியே அமர்ந்து பேசுவது தனியாள் சிகிச்சை. அறிவுரை கூறுவது அவர் வேலையன்று. அறிவுரைக்கு நம் வீடுகளில் பஞ்சமா? ஓர் எண்ணம் மற்றோர் எண்ணத்தை எவ்வாறு இழுத்து வருகிறது என்பதைத் துயருற்றவரே கண்டுகொள்ளத் துணை நிற்பார்.

மற்றொன்று குழுச் சிகிச்சை. 1905-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசஃப் பிராட், ஏழைக் காசநோயாளிகளுக்கு நலப் பாடம் சொல்ல வாரந்தோறும் அவர்களை ஒன்றுகூட்டினார். பாடத்தைக் காட்டிலும், தம்மைப் போன்றவர் தேறிவருவதைக் கண்ணாரக் கண்டதே அவர்களுக்குத் தெம்பளித்தது. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மனநோயாளிகளின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் அங்கே மாறியது. நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது.

ஆனால் தெருவிலுள்ள நாலு பேர் வேறு. குழுவில் அமரும் நாலு பேர் வேறு. குழுவில் கேட்டது வெளியே செல்லலாகாது என்பது முதல் விதி. அண்டை வீட்டாரும் உறவினரும் ஒரே குழுவில் அமராதிருத்தல் நலம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மேலிட்டவரையோ, குழுவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லை மொழி. 'விஷமம்' என்றால் மலையாளத்தில் துயரம், தமிழில் குறும்பு. நாம் வெறும் தர்மசங்கடத்தைச் 'சங்கடம்' என்போம். மலையாளிக்கு அது நெஞ்சுருக்கும் துக்கம். மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு அலுவலகக் கோப்பில் இது வேடிக்கை. சிகிச்சை அறையிலோ நோயின் அளவே மாறிவிடும். "தமிழில் பேசலாமா?" என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை. அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையாளமே எளிதாயின், அவர்களை வற்புறுத்தவும் வேண்டா. அருகில் தமிழறிந்தவர் இல்லாவிடில், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பொதுச்சுவர் வீட்டில் இருப்பவர் கோயில் குளக்கரைக்குப் போய்க்கூடப் பேசிவரலாம்.