ஓட்டத் தெரிந்தால் போதுமா? நிறுத்தத் தெரிய வேண்டாமா?



நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேகம் பிடிக்கும். இதை மூடி மறைத்துப் பயனில்லை. கார் வாங்கிய முதல் மாதத்திலேயே, "இது எவ்வளவு போகும்?" என்ற கேள்வி மனத்தில் எழுந்துவிடும். அந்தக் கேள்விக்கு விடை தேடி நள்ளிரவில் நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே வேக வரம்பு 110 கிலோமீட்டர். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். எதிரே வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர் இருக்கிறாரே, அவர் எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்கவில்லை!

அந்தக் கேள்விக்கு முறையாக விடை காண நம் நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் செப்பாங். ஷா ஆலாம் பத்து தீகாவில் 1968ஆம் ஆண்டு முதல் இயங்கிய பழைய பந்தயத் தடம் இன்று இல்லை. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செப்பாங் அனைத்துலகத் தடத்தில் அந்த ஆண்டு முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, 11ஆவதாக வந்த கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே தடத்தில், 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அதே தார்ச்சாலையில், சாதாரண மக்களும் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். 'டிராக் டே' எனப்படும் தட ஓட்ட நாள் அதற்காகவே நடத்தப்படுகிறது. இது பந்தயம் அல்ல. முதலிடமும் இல்லை, கோப்பையும் இல்லை. கட்டணம் செலுத்தி, விளக்கக் கூட்டத்தில் அமர்ந்து, கொடுக்கப்பட்ட நேரத்தில் ஓட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் எவ்வளவு ஆயத்தம் இருக்கிறது என்பதை ஒரு குடும்பத்தின் வழியாகப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் நம்மில் பலருக்குத் தெரிந்த குடும்பம்.

கிள்ளானில் ஒரு வீடு. மகனுக்கு 26 வயது. தொழிற்சாலையில் வேலை. 1.5 லிட்டர் இயந்திரம் கொண்ட சிறிய கார், ஒன்பது ஆண்டு தவணையில் வாங்கியது. காலையில் அவர் வேலைக்குப் போவதும் அந்தக் காரில்தான். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அதில்தான். அப்பா ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி, தாப்பா இறக்கத்தில் இருபது ஆண்டுகள் லாரியை இறக்கியவர்.

"அப்பா, அடுத்த மாதம் செப்பாங்கில் ஓட்டப் போகிறேன். அதற்குள் புதிய ரிம்மும் புகைக்குழாயும் மாற்ற வேண்டும்" என்கிறார் மகன்.

"சரி தம்பி. ஓட்டுவது இருக்கட்டும். நிறுத்துவதற்கு என்ன வாங்கப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார்.

நேயர்களே, அந்த ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு முழுவதும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார், 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறைகிறது. அந்த வேகத்தில் இருந்த ஆற்றல் எங்கே போகும்? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். ஏறக்குறைய மூன்று லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது! சில விநாடிகளில் இது நடந்துவிடுகிறது. செப்பாங்கில் ஒரு சுற்றுக்குள் இப்படிப் பல முறை பிரேக்கை அழுத்த வேண்டும். நீண்ட இரு நேர்ச்சாலைகளின் முடிவிலும் கடுமையான வளைவுகள். சராசரி 110 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே ஒரு சுற்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிரேக் ஆறுவதற்கு நேரம் ஏது?

அன்றாடச் சாலையில் நன்றாக வேலை செய்யும் பிரேக், அங்கே மூன்றாவது நான்காவது சுற்றில் கைவிடக்கூடும். இரண்டு விதமாக அது நடக்கும். ஒன்று, பிரேக் கட்டை தாங்கும் அளவுக்கு மேல் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது. மற்றொன்று, பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக்குமிழ் உண்டாகும். அப்போது மிதி பஞ்சுபோல் உள்ளே போகும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நம் நாட்டு ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'டாட் 4' வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெய்க்குத் தர நிர்ணயம் கேட்பது 155 பாகைதான். அதனால்தான் தட ஓட்டத்திற்குப் போகும் முன், காரின் கையேடு அனுமதிக்கும் வகையில் புதிய பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. புதிய ரிம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

மகன் முகம் சுருங்குகிறது. ரிம்மை நாலு பேர் பார்ப்பார்கள். பிரேக் எண்ணெயை யார் பார்ப்பார்கள்?

"தாப்பா இறக்கத்தில் என் லாரியின் நிறத்தை யாரும் பார்த்ததில்லை தம்பி. நின்றதா இல்லையா என்பதைத்தான் பார்த்தார்கள்" என்கிறார் அப்பா.

அடுத்தது டயர். தேய்மானம் மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருக்கக்கூடாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2223 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். காற்றைக் கார்க் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும். ஓட ஓடச் சூடேறிக் காற்றழுத்தம் உயரும். ஒவ்வொரு சுற்று நேரம் முடிந்ததும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் முன் மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும்.

சக்கர நட்டுகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்திற்கு, அளவு காட்டும் திருகியால் முடுக்க வேண்டும். முதல் ஓட்டத்திற்குப் பிறகு, சக்கரம் ஆறியதும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இயந்திர எண்ணெய் மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும். ஆனால் அதைத் தாண்டக்கூடாது. குளிர்நீர் அளவு சரியா, குழாய்களில் கசிவு உண்டா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். சூடான இயந்திரத்தின் குளிர்நீர் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது.

இனி ஒரு கசப்பான விஷயம், காப்புறுதி. சாதாரணத் தனியார் கார் காப்புறுதிப் பத்திரங்களில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றின்போது நேரும் சேதத்திற்கு இழப்பீடு இல்லை என்ற விதி இருப்பது வழக்கம். 'இது பந்தயம் இல்லையே' என்று நாமாக முடிவு செய்துகொள்ளக்கூடாது. நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் நீட்டும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் வரி விடாமல் படித்த பிறகே கையொப்பமிட வேண்டும். கார் தடுப்பில் மோதினால் சேதத்திற்கு யார் பணம் கட்டுவது என்பது அதில்தான் இருக்கும்.

அன்றிரவு மகன் நெடுநேரம் யோசிக்கிறார். கார் நொறுங்கினாலும் தவணை நிற்காது. அம்மாவின் மருத்துவமனைப் பயணமும் நிற்காது. மறுநாள் காலையில் அவர் செய்த நல்ல காரியம், அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னதுதான். நண்பன் வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தடத்துக்குப் போகும் பிள்ளைக்கு மனம் எப்படி நிலையாக இருக்கும்?

அம்மா உடனே சம்மதிக்கவில்லை. "அப்பாவும் கூடப் போனால் போய் வா" என்று பிற்பகலில்தான் சொல்கிறார்.

முந்தின நாள் மாலை காரைக் காலி செய்கிறார்கள். குடை, தண்ணீர் போத்தல், சில்லறைக் காசு, காலடி விரிப்பு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. பிரேக் மிதிக்கு அடியில் ஒரு போத்தல் உருண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். முன்கண்ணாடி ஓரம் அம்மா ஒட்டி வைத்த சிறிய பிள்ளையாரும் இருக்கிறார். மகன் தயங்குகிறார். அம்மாவே அதை எடுத்துப் பூஜை அறையில் வைக்கிறார். "இங்கிருந்தே பார்த்துக்கொள்வார்" என்கிறார்.

இனித் தடத்துக்குப் போவோம். ஓட்டுபவருக்கு வேண்டியவை: தலைக்கு ஒழுங்காகப் பொருந்தும் தலைக்கவசம், நீண்ட கைச்சட்டை, நீண்ட கால்சட்டை, அடிப்பாகம் மெல்லிய மூடிய காலணி. ஸ்லிப்பர் கூடவே கூடாது. இந்த வெயிலில், மூடிய காருக்குள், தலைக்கவசத்தோடு ஓட்டினால் உடல் நீரை இழக்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும்.

விளக்கக் கூட்டத்தில் கொடிகளின் பொருளைச் சொல்வார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பி வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு. கட்டம் போட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது. எங்கே முந்தலாம், எப்படிச் சைகை காட்ட வேண்டும் என்பது ஏற்பாட்டாளரின் விதி. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பயிற்றுநர் கிடைத்தால் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். நரேன் கார்த்திகேயனும் 1992ஆம் ஆண்டு பிரான்ஸில் ஒரு பந்தய ஓட்டுநர் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தவர்தான்.

முதல் இரு சுற்றுகள் தடத்தைப் பார்ப்பதற்கு. பிறகு பாடம் ஒன்றுதான். கார் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடி, பிறகு வளை, வளைவு விரியும்போது மெதுவாக வேகம் கூட்டு. வளைவின் நடுவில் பயந்துபோய்ப் பிரேக் அடித்தால் காரின் பின்பகுதி சுழலும். அப்படிச் சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அழுத்திக் காரை நிறுத்த வேண்டும். தானியங்கிக் கியராக இருந்தால் பிரேக்கை மட்டும். தடத்தை விட்டு வெளியே போய்விட்டால் ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பக்கூடாது. வேகம் குறைந்த பிறகு, பின்னால் பார்த்து, மெல்ல உள்ளே வர வேண்டும். கார் நின்றுபோனால், தீப்பிடித்தால் தவிர, பெல்ட்டோடு உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

மழை வந்தால்? 2009ஆம் ஆண்டு இதே செப்பாங்கில் கனமழையால் ஃபார்முலா ஒன் பந்தயமே பாதியில் நிறுத்தப்பட்டது. வெற்றி பெற்றவருக்கும் பாதிப் புள்ளிதான் கிடைத்தது. உலகின் சிறந்த ஓட்டுநர்களே நிறுத்தும்போது, முதல் நாள் வந்தவர் உள்ளே வந்து தேநீர் குடிப்பதில் என்ன குறை?

நம் இளைஞர் நான்காவது சுற்றில் இருக்கிறார். பிரேக் மிதி வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக இறங்குகிறது. பக்கத்தில் ஒரு கார் முந்திப் போகிறது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மனம் சொல்கிறது. தாப்பா இறக்கம் நினைவுக்கு வருகிறது. வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்றை முடித்து, உள்ளே வந்துவிடுகிறார்.

கைப்பிரேக்கை இழுக்கப் போன கையைச் சட்டென்று எடுக்கிறார். கொதிக்கும் பிரேக்கைக் கட்டிப்போட்டால் கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு நிறுத்துகிறார். அப்பா லாரிக்காலத்து மரக்கட்டையைச் சக்கரத்தடியில் வைக்கிறார்.

"எத்தனை சுற்று தம்பி?"

"ஐந்து இருக்கும்பா. மிதி இறங்கிற்று. அதனால் வந்துவிட்டேன்."

அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கிறார்.

பிரேக் நன்றாக ஆறிய பிறகு எண்ணெயையும் மிதியையும் பரிசோதித்தார்கள். அதன்பின் இன்னும் ஒரு முறை, குறைந்த வேகத்தில் ஓடினார். மாலையில் நட்டுகளையும் டயர்க் காற்றையும் சரிபார்த்து, அதே காரில் இருவரும் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். நெடுஞ்சாலையில் 110 காட்டியபோது மகனுக்குக் குறைவாகத் தோன்றவில்லை. 110 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 30 மீட்டர் என்பதும், அதை நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் இப்போது அவர் காலுக்குத் தெரியும்.

நேயர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஓர் ஆசையோடு வந்தால் எடுத்த எடுப்பிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆசை வீட்டில் பேசப்படாவிட்டால், நள்ளிரவில் சாலைக்குப் போய்விடும். முறையான இடத்தைக் காட்டுங்கள். நிறுத்துவதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.

அன்றிரவு அந்த வீட்டு வாசலில் கார் நின்றது. அம்மா பூஜை அறையிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே ஒட்டினார்.