மூலோபாய முகாமைத்துவமும் நம் சங்கங்களும்

(சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

நவீன நிறுவனங்களில் மூலோபாய முகாமைத்துவம் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். பெயர் நீளமானது, கருத்தோ சுருக்கமானது. நம் வலிமை எவ்வளவு, காலமும் இடமும் எத்தகையன என்று அறிந்து, செய்யத்தக்க பலவற்றுள் முதலிற் செய்யவேண்டியது எது, விட்டுவிடவேண்டியது எது என்று துணிவதே மூலோபாயம். அத்துணிவின்படி ஆளையும் பொருளையும் நடத்துவது முகாமைத்துவம். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதைப் பெரியோர் அறிவர். ஆதலின் இவ்வறிவு நமக்குப் புதிதன்று.

அல்பிரட் சாண்ட்லர் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், டூ பொன்ட், ஜெனரல் மோட்டர்ஸ் முதலிய பெருங் கம்பனிகளை ஆராய்ந்து 1962 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நிறுவனத்தின் அமைப்பு அதன் மூலோபாயத்தைப் பின்பற்றி வரவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. என்ன செய்யப் போகிறோம் என்பது முந்தியது. பதவிகள் எத்தனை என்பது பிந்தியது. நம்மிடையே பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. சங்கம் தொடங்கியதும் யாப்பு எழுதுகிறோம், இறப்பர் முத்திரை செய்விக்கிறோம், பதவிக்குப் போட்டியிடுகிறோம். செய்யவேண்டிய வேலை எது என்பதை மூன்றாவது கூட்டத்தில் யோசிக்கிறோம்!

வினை முந்தி, அமைப்புப் பிந்தி வந்ததற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே உண்டு. நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் எழுந்தது சேனநாயக்க சமுத்திரம். 1949 இல் தொடங்கிய அத்திட்டத்தின் குடியேற்றம் பற்றியும், 1956 இல் அங்கு நிகழ்ந்த வன்செயல் பற்றியும் நம்மவர் மனத்தில் ஆறாத வடு உண்டு. அதனை நான் மறைக்கவில்லை. ஆயினும் அதே திட்டத்தின் இடதுகரையிற் பின்னர் நடந்ததொன்று நாம் கற்கத்தக்கது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அங்கு வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் பழுதாயின. மேலே உள்ளவர் வேண்டியமட்டும் நீரை எடுத்தனர், கடைமடை வரண்டது. அதிகாரிகளும் கமக்காரரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. 1981 இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் துணையோடு, இளம் பட்டதாரிகளை அங்கு அனுப்பிற்று. அவர்கள் சென்றதும் சங்கம் பதியவில்லை. வீடு வீடாகச் சென்று, ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து இருபது பேரைக் கூட்டி, உங்கள் இடர் எது, அதில் நீங்களே தீர்க்கக்கூடியது எது என்று கேட்டனர்.

அவ்வேளை நீர்த்தேக்கத்தில் இருந்தது காற்பங்கு நீரே. ஆயினும் அத்தட்டுப்பாடே ஒற்றுமைக்கு வித்தாயிற்று. நெடுங்காலம் மண்வெட்டி படாத வாய்க்கால்கள் சில கிழமைகளிற் சுத்தமாயின. நீரை முறைவைத்துப் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழுள்ளோர்க்கு விட்டனர். வேலை நடக்கத் தொடங்கிய பின்னரே பிரதிநிதிகள் வந்தனர். வாக்கெடுப்பின்றி, அனைவரும் ஒத்துக்கொண்டவரே பிரதிநிதி. அவர்க்குச் சம்பளமும் இல்லை. அதன்மேற் கிளைவாய்க்கால் அமைப்பும், அதற்கும் மேலே கமக்காரர் அதிகாரிகளோடு சமமாக அமர்ந்து பேசும் குழுவும் படிப்படியாக எழுந்தன.

நிரந்தர நியமனம் இல்லாமையால் அப்பட்டதாரிகளுட் பலர் ஆசிரியத் தொழிலுக்குப் போய்விட்டனர். 1985 இல் திட்டமும் முடிந்தது. அதனோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டுமன்றோ? முடியவில்லை. 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெற்செய்கைக்கு நீர் போதாது என்று அதிகாரிகள் கைவிரித்தபோது, கமக்காரர் தம் அமைப்புகளின் மூலம் நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டு, ஏறத்தாழ 65,000 ஏக்கரிற் செய்கை பண்ணி, வழமைக்குக் குறையாத விளைவு கண்டனர். மேற்பகுதிச் சிங்களக் கமக்காரரும் கீழ்ப்பகுதித் தமிழ் பேசும் கமக்காரரும் அந்நீரைப் பகிர்ந்துகொண்டனர். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை எண்ணிப்பாருங்கள்!

தொடங்கியவர் போன பின்னும் தொடங்கிய காரியம் நடப்பதே நல்ல மூலோபாயத்தின் உரைகல். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் முகாமைத்துவம் பயிலும் தம்பி தங்கையரே! பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் வரைந்து புள்ளி பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கட்டங்களை ஒரு வாய்க்காலின் மேல், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மேல், உங்கள் சங்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

நம் இளைஞர் வேலை தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் போகிறார்கள். அதனைத் தடுத்தல் இயலாது. செயலாளர் போனவுடன் கதவடைக்கும் சங்கத்தை வைத்திருப்பதுதான் குறை. ஆகவே இவ்வாண்டு பத்து வேலைகளை எழுதாது ஒன்றை மட்டும் எடுங்கள். அதன் பயனைப் பெறுவோரையே அதன் பொறுப்பாளராக்குங்கள். நீங்கள் இல்லாத அடுத்த ஆண்டும் அது நடக்குமா என்று இன்றே கேளுங்கள். பெரியோர்களே, அவர்கள் முதலிற் பதவியை அன்று, வேலையைக் கேட்டு உங்களிடம் வரும்போது, அதனை மனமுவந்து கொடுத்து உதவுங்கள் என வேண்டி அமைகின்றேன்.