பொரி நம் அடுப்பிலேயே பொரியட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. தலைப்பு பாப்கார்ன். சிரிக்காதீங்க, மதியம் வரப்போகிற தீர்மானத்தில் இதுவும் ஒண்ணு. நம்ம கூட்டமைப்புக் கடையில் விற்பதற்கு, மைக்ரோவேவ் அடுப்பில் அப்படியே வைக்கிற பாப்கார்ன் பைகளை மொத்தமாக எடுக்கலாம், அதற்கு முன்பணம் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கு. கட்டப்போவது நம்ம சேமிப்புப் பணம். அந்தப் பைக்குள்ளே என்ன இருக்கு, அதையே நாம் வீட்டில் செய்தால் என்ன ஆகும் என்று தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கை தூக்குவோம்.

பையைத் திருப்பிப் பின்பக்கம் படிச்சுப் பாருங்க. மக்காச்சோளம், எண்ணெய், உப்பு, வாசனைப் பொருள், சிலதில் நிறம். அவ்வளவுதான். மற்றபடி நாம் காசு கொடுப்பது பைக்கு. எண்ணெய் ஊறி வெளியே வராமல் இருக்க இந்த மாதிரிப் பைகளுக்குப் பூச்சு கொடுப்பாங்க. அமெரிக்காவில் அதற்கு ரொம்பக் காலமாகப் பயன்படுத்திய ஒருவகை ஃப்ளோரின் ரசாயனங்கள் லேசில் அழியாதவை. உணவுப் பொட்டலங்களுக்காக அவற்றை விற்பது அங்கே நின்றுவிட்டது என்று அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இன்னொரு செய்தியும் சொல்றேன். அதே நாட்டில் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, திரும்பக் குணமாகாத நுரையீரல் நோய் வந்திருப்பது 2000ஆம் ஆண்டில் வெளியே வந்தது. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கிற டையசெட்டில் என்ற பொருளின் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்கள் அவர்கள். எப்பவாவது ஒரு கை தின்கிற நமக்கும் அதே நோய் வரும் என்று நான் பயமுறுத்த வரலை. ஆனால் வாசனை நமக்கு, மூச்சுத்திணறல் கலக்கிற தொழிலாளிக்கு என்றால், கூலி வேலை பார்க்கிற நாம் அதை யோசிக்காம விடலாமா?

சரி, பொரி நமக்குப் புதுசா? கார்த்திகைக்கு நெல்பொரி, ஆயுத பூஜைக்கு அரிசிப்பொரி. சூடான மணலில் போட்டு வறுத்துச் சலித்த கைகள்தானே நம்ம பாட்டிமார் கைகள். மக்காச்சோளம் மட்டும்தான் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. பொரிகிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த மணிக்குள்ளே நூற்றுக்கு 14 பங்கு அளவுக்கு ஈரம் இருக்கு. வெளித்தோல் கெட்டி. சூடு ஏற ஏற உள்ளே ஆவி அடைபடும். 180 டிகிரி வாக்கில் தோல் தாங்காமல் வெடிக்கும். உள்ளே இளகி நின்ற மாவு நுரைச்சு வெளியே வந்து அப்படியே உறைந்துவிடும். இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானாகப் புரியும். பொரியாத மணி நிறைய நிற்குதா? பெரும்பாலும் ஈரம் காய்ஞ்சு போன சோளம். அரைக்கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிச்சு, இறுக மூடின டப்பாவில் போட்டுக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வையுங்க. திரும்பப் பொரியும். ஆடிக் காற்றில் டப்பாவைத் திறந்து போடாதீங்க.

இங்கே பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து வந்த சகோதரிகள் கேட்பாங்க, "எங்க கொல்லையிலேயே மக்காச்சோளம் கிடக்கே, அதைப் பொரிச்சா என்ன?" என்று. பொரியாது. அது கோழித் தீவனத்துக்குப் போகிற ரகம். மணி பெரிசு, உள்ளே மாவு மிருது, ஆவியை அடக்கி வைக்காது. பொரி ரகம் தனி. சின்ன மணி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. இன்னொன்றை அழுத்திச் சொல்றேன்: விதைக்கென்று பையில் வருகிற சோளத்தில் மருந்து கலந்திருக்கும், சிவப்போ ரோஸ் நிறமோ பூசியிருக்கும். அதைக் கழுவினாலும் சரி, பிள்ளைகள் கையில் எட்டவே விடாதீங்க.

இப்போ செய்முறை. ஐந்து லிட்டர் குக்கர், இல்லைன்னா அடி கனமான பாத்திரம். குக்கர் என்றால் வெயிட்டும் போடக்கூடாது, ரப்பர் கேஸ்கெட்டும் மாட்டக்கூடாது. மூடியைப் பூட்டவும் வேண்டாம், சும்மா மேலே கவிழ்த்து வைங்க. பொரியும்போது வருகிற ஆவி வெளியே போகணும். போகலைன்னா பொரி ரப்பர் மாதிரி ஆயிடும். இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், அதில் மூணே மூணு மணி. அது வெடிச்சா எண்ணெய் காய்ஞ்சாச்சு. ஒரு சின்ன டீ டம்ளர் சோளம், அதாவது 100 கிராம் போட்டு, உடனே அடுப்பை விட்டு இறக்கி அரை நிமிஷம் வைங்க. எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வரும். அப்புறம் நடுத்தரத் தீயில் ஏத்தி, கைப்பிடியைத் துணியால் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டே இருக்கணும். படபடவென்று கேட்கிற சத்தம் குறைஞ்சு, ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்தா அடுப்பை நிறுத்துங்க. கடைசி மணி வரைக்கும் காத்திருந்தா அடியில் இருப்பது தீஞ்சு போகும்.

மஞ்சள்தூளை எண்ணெயிலேயே ஒரு சிட்டிகை போடலாம். மிளகாய்த்தூளைப் போடாதீங்க, வீடே இருமும். அதெல்லாம் இறக்கின பிறகு. கல் உப்பு பொரியில் ஒட்டாது, மிக்ஸியில் மாவாக அரைச்சுக்குங்க. கம்பெனிக்காரன் சீஸ் என்கிறான், நாம் கறிவேப்பிலைப் பொடி, பூண்டுப் பொடி, இட்லிப் பொடி எதையும் தூவலாம். என் ஓட்டு மிளகுக்கு. மைக்ரோவேவ் இருக்கிற வீட்டிலும் அந்தப் பை தேவையில்லை. அந்த அடுப்புக்கான கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி மணி, மேலே ஒரு பீங்கான் தட்டு, மூணு நிமிஷத்துக்குள் முடிஞ்சிடும். கிண்ணம் கொதிக்கும், துணி பிடிச்சு எடுங்க.

கணக்குக்கு வருவோம். போன மாசம் நான் வாங்கின பொரிச்சோளம் கிலோ 140 ரூபாய். 100 கிராமுக்கு 14 ரூபாய், எண்ணெய் 6, கேஸும் உப்பும் சேர்த்து 2. ஆக 22 ரூபாயில் மூணு லிட்டர் பாத்திரம் நிறையப் பொரி. வீட்டில் ஆறு பேர் தாராளமாகத் தின்னலாம். விற்பதென்றால் ஐந்து பொட்டலம், ஆளுக்குப் பத்து ரூபாய், 50 ரூபாய். கவருக்கு 5 ரூபாய் கழிச்சா 23 நிற்கும். அதை லாபம் என்று சொல்லமாட்டேன், அடுப்படியில் நின்ற கூலி. ஆனால் அந்தக் கூலி நம்ம வீட்டுக்கு வருது.

இடைஞ்சலும் இருக்கு, மறைக்கலை. மழைக்காலத்தில் இரண்டு மணி நேரத்தில் நமத்துப்போகும், அன்றன்றைக்குப் பொரிச்சதை அன்றே விற்கணும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீங்க; அச்சு மை உணவில் சேரும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் எச்சரித்திருக்கு. விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். அங்கன்வாடி வயசுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் அடைச்சுக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பைக்கு முன்பணம் கட்டுவதை நிறுத்தி வைப்போம். அதில் ஒரு சிறு பங்கில் 25 கிலோ பொரிச்சோளம் ஒரு மூட்டை வாங்குவோம். விருப்பப்படுகிற குழுவுக்கு இரண்டு இரண்டு கிலோ பிரிச்சுக் கொடுத்து, வித்த பிறகு அசலைத் திருப்பிக் கட்டச் சொல்வோம். பெரிய குக்கர் வைத்திருக்கிறவங்க இடைவேளையில் பொருளாளர் அக்காகிட்ட பேர் கொடுங்க. மேசைமேல் இருக்கிற தாம்பாளத்தில் காலையில் பொரிச்சது இருக்கு, மிளகு போட்டது வலது பக்கம்.