வானூர்தித் துறையில் முதல் வேலை

(கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொறியியல் முடித்து வேலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. முதல் வேலையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லும் தகுதி மட்டும் நிச்சயமாக உண்டு.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வானூர்தித் துறை என்பது ஏரோநாட்டிகல் படித்தவர்களுக்கே உரியது என்று எண்ணியிருந்தேன். பெங்களூரு சென்ற பிறகே விவரம் புரிந்தது. 1940இல் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் அது. வானூர்திக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்கூடங்கள் அங்கே சிறிதும் பெரிதுமாகப் பல உள்ளன. என்னைப் போன்றோரும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்தோரும் அவற்றில் ஏராளமாகப் பணிபுரிகின்றனர். அப்படியொரு கூடத்தில்தான் தரச்சோதனைப் பிரிவில் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்தேன்.

முதல் நாளே வரைபடம் என்னை ஏமாற்றியது. நம் கல்லூரிகளில் முதற்கோண வீழல் முறையைப் பயில்கிறோம். அதில் ஒரு பொருளின் இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வரையப்படும். அமெரிக்க வரைபடங்களோ மூன்றாங்கோண முறையில் அமைந்தவை. இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கத்திலேயே இருக்கும். அளவுகளும் அங்குலத்தில். நான் ஒரு பிராக்கெட்டை இடம் வலமாகப் புரிந்துகொண்டு, செய்து வைத்திருந்த பாகம் தவறு என்று வாதிட்டேன். ஐ.டி.ஐ. படித்து முப்பதாண்டு அனுபவம் பெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, படத்தின் மூலையில் உள்ள குறியைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். வீழல் முறையைக் காட்டும் குறி அங்கே அச்சிடப்பட்டிருந்தது. பட்டதாரி என்ற பெருமிதம் அன்றோடு பாதி கரைந்தது. மீதியைக் கரைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நான்காம் மாதத்தின் கடைசி நாள் மாலை. 40 பிராக்கெட்டுகள் அனுப்பப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆறு துளைகள். இரு முனைகள் கொண்ட பிளக் கேஜால் ஒவ்வொரு துளையையும் சோதிக்க வேண்டும். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. 37 முடித்துவிட்டேன். வண்டி வாசலில் நிற்கிறது, ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். முப்பத்தேழும் சரியாக இருந்தனவே என்று எஞ்சிய மூன்றையும் அளக்காமலே முத்திரை குத்திக் கையொப்பமிட்டேன்.

இரவு உறக்கம் வரவில்லை. பயிற்சி வகுப்பில் கேட்ட ஒரு விபத்து நினைவில் சுழன்றது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி, 17,000 அடிக்கு மேலே பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட, ஊழியர்கள் அவரைப் பற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தனர். துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானியும் உயிர் பிழைத்தார். முந்தைய நாள் பணியில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். பொருத்திய 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் சிறியவை. அவரும் அனுபவசாலிதான், என்னைப் போலவே அவசரத்தில் இருந்தவர்தான்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்விக் கடனின் தவணை தொடங்கியிருந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மூன்று பாகங்கள் எங்கோ ஒரு விமானத்தில் ஏறும். நம் வீட்டுப் பெரியவர்கள் அமானிதம் என்று சொல்லும் சொல்லின் கனம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. காலையில் தர மேலாளரிடம் நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை, அதுவே கடினமாக இருந்தது. தொலைபேசியில் பேசிச் சரக்கைத் திருப்பி வரவழைத்தார். இரண்டு பாகங்கள் சரியாக இருந்தன. மூன்றாவதில் ஒரு துளைக்குள், நுழையக்கூடாத முனை தாராளமாக நுழைந்தது. துளையிடும் கருவி பிடிப்பில் சற்று ஆட்டம் கண்டிருந்தது. அதே இயந்திரத்தில் இரவு முழுவதும் ஓடிய அடுத்த தொகுதியிலும் 11 பாகங்கள் வீணாகியிருந்தன. நான் 40ஐயும் முறையாக அளந்திருந்தால் அந்தப் பதினொன்றும் பிழைத்திருக்கும். என் முத்திரையை ஒரு மாதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை.

கலாம் அவர்களைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, விமானப்படைத் தேர்வுக்குச் சென்ற அவர் 25 பேரில் ஒன்பதாமவராக வந்தார்; எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். 1958இல் அவர் சேர்ந்தது அவர் விரும்பிய விமானி வேலையில் அல்ல. முதல் நேர்முகத் தேர்வில் திரும்பி வரும் பிள்ளையைப் பெற்றோர்கள் அன்று இரவாவது எதுவும் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

பிளக் கேஜ் ஒன்றும், மூன்றாங்கோண வரைபடங்கள் சிலவும் கொண்டு வந்திருக்கிறேன். அஸருக்குப் பிறகு மதரஸா அறையில் இருப்பேன். இறுதியாண்டு மாணவர்கள் வாருங்கள்; நீங்களே அளந்து பாருங்கள்.