இரண்டு வெள்ளி நூலும் இருநூறு தாம்பூலப் பைகளும்



பழைய பொருள் விற்பனையில் கைவினைச் சாமான்களை மலிவாக வாங்குவது பற்றிய இந்தப் பேச்சு ஒரு கல்யாண மண்டபத்தில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் நடந்த திருமணம். விருந்து முடிந்து வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிறார்கள். ஒரு பெரியவர் பையை வாங்கிக்கொண்டு நாலடி நடந்திருப்பார். அடித்தையல் பிரிந்தது. தேங்காய் தரையில் உருண்டது. குனிந்து எடுக்க உதவியவரின் கையிலிருந்த பையும் பிரிந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் எத்தனை தேங்காய்கள் உருண்டன என்று யாரும் எண்ணவில்லை. பெண்ணின் தாயார் முகத்தை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

இருநூறு பைகளையும் தைத்தவர் ஈசூன் வட்டாரத்து இல்லத்தரசி ஒருவர். பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணத்துக்காக வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர். துணி நன்றாகத்தான் இருந்தது. தையலும் நேராக இருந்தது. நூல்தான் செத்த நூல். ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த பழைய பொருள் விற்பனையில், ஐந்து வெள்ளி சொன்ன நூற்கண்டுப் பெட்டியை இரண்டு வெள்ளிக்குப் பேசி முடித்திருந்தார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். ஒரே ஒரு நூலைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. வாங்கிய தையற்கூலியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அடுத்து வந்த வளைகாப்புக்கு வேறொருவர் பை தைத்தார்.

இரண்டு வெள்ளிக்கு வாங்கியது மலிவா, நேயர்களே?

இப்படிப்பட்ட பேரங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடமாக இருந்தது சுங்கை ரோடு. திருட்டுச் சந்தை என்ற பெயரை அது கடைசிவரை சுமந்தது. 1930களில் தொடங்கிய சந்தை. கடைக்காரர்களுக்கு வாடகை கிடையாது. தரையில் ஒரு விரிப்பு, அதன்மேல் கடிகாரம், ரேடியோ, செருப்பு, பித்தளைச் சாமான், தையல் பெட்டி எல்லாம். உட்கார்ந்து விற்றவர்களில் பலர் வயதானவர்கள். 2011ல் எம்ஆர்டி நிலையக் கட்டுமானத்துக்காக இடம் சுருங்கியது. 2017 ஜூலை 10ஆம் தேதி அதற்குக் கடைசி நாள். அதே ஆண்டு அக்டோபரில் அருகிலேயே ஜாலான் புசார் நிலையம் திறந்தது. சந்தை போனாலும் பழைய பொருள்கள் போய்விடுமா? சமூக மன்ற விற்பனை, புளோக் கீழ்த்தளம், சால்வேஷன் ஆர்மி கடை, வீடு வீடாக வரும் காராங் குனிக்காரர் என்று அவை பல வழிகளில் கை மாறுகின்றன. அந்தக் ‘குனி’ நம் கோணிக்கு உறவுச் சொல்தான்.

இனி நூலுக்கு வருவோம். பருத்தி நூலுக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கண்டிலிருந்து ஒரு முழம் உருவி, இரு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். நல்ல நூல் விரலை அறுக்கும். செத்த நூல் சத்தமில்லாமல் விட்டுப்போகும். சில கண்டுகளில் வெளிச்சுற்று மட்டும் கெட்டு உள்சுற்று நன்றாக இருப்பதுண்டு. அதனால் பத்துப் பதினைந்து சுற்று கழித்து மறுபடியும் இழுத்துப் பார்க்கலாம். பாலியெஸ்டர் நூல் இன்னும் தாங்கும். ஆனால், கடை ஜன்னலில் வருடக்கணக்கில் வெயில் குடித்த கண்டை எதுவானாலும் நம்ப வேண்டாம்.

எலாஸ்டிக்கை எடுக்கவே வேண்டாம். ரப்பர் வயதானால் வயதானதுதான். ஒட்டும் கேன்வாஸும் அப்படியே.

கண்ணாடி மணிக்கு இந்தக் கவலை கிடையாது. ஐம்பது ஆண்டு டப்பாவில் கிடந்தாலும் கண்ணாடி கண்ணாடிதான், கோத்திருக்கும் நூலை மட்டும் மாற்றினால் போதும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருப்பது கண்ணாடி, வெதுவெதுப்பாக இருப்பது பிளாஸ்டிக். சிப்பிப் பட்டனுக்கும் இதே சோதனைதான். பெரனாக்கான் பெண்கள் காலணிகளில் தைத்த மணி வேலையை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கடுகைவிடச் சிறிய, பட்டை தீட்டிய மணிகள். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தப் பழைய மணிகளைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த காலணி ஒரு வெள்ளிக்குக் கிடந்தால் அதைக் குப்பை என்று தாண்டிப் போகாதீர்கள்.

பட்டுப்புடவையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜரிகை பளபளவென்று இருக்கும். ஆனால் பட்டு மடிப்பு மடிப்பாக விட்டிருக்கும். புடவையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மடிப்புக் கோடுகள் தெரியும். அந்த இடத்தை இரு கையாலும் மெல்ல இழுத்தால் உண்மை வெளிவரும். உடல்பகுதி போனாலும் கரை நன்றாக இருந்தால் சுருக்குப்பைக்கும் ரவிக்கைக் கைக்கும் ஆகும். அசல் ஜரிகையில் பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்கப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். மட்ட ரகத்தில் செம்பு இருக்கும், அதிலும் மட்டத்தில் பிளாஸ்டிக். முந்தானை ஓரத்து இழை ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் கொளுத்தினால், பிளாஸ்டிக் உருகிக் கட்டியாகும். பட்டு இழை முடி கருகும் வாடை தரும், சாம்பல் விரலில் பொடியாகும். விற்பவரின் விரிப்பில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், அவருக்கும் ஒரு பொறுமை உண்டு. துணி எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் பையோடு தனியே வைத்து, தாங்கும் துணியைச் சுடுநீரில் துவைத்த பிறகே அலமாரிக்குள் விடுங்கள். மூட்டைப்பூச்சி இலவசமாக வரும் பொருள்.

நம் இல்லத்தரசி அதன்பிறகு ஆறு மாதம் இந்த விற்பனைகள் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி கடை விரித்திருப்பதைக் கண்டு நின்றார். கணவர் தையற்காரர், கடையை மூடி, காலமும் ஆகிவிட்டது. கறுப்பு சிங்கர் மிஷின், பெரிய கத்தரிக்கோல், வெட்டுத்துணி மூட்டை, ஒரு டின் நிறையக் கொக்கி, ஒரு பெட்டி நூல்.

“கத்தரிக்கோல் எவ்வளவு பாட்டி?”

“எட்டு வெள்ளி கொடும்மா.”

பழைய பழக்கத்தில் “நாலு” என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, “இதில் என்ன வெட்டினாரு தாத்தா?” என்று கேட்டார். பாட்டி அரை மணி நேரம் பேசினார். அந்தக் கத்தரி கோட்டுத் துணிக்கு மட்டும்தானாம். காகிதம் வெட்டக் கொடுத்ததே இல்லையாம். வெட்டுத்துணி ஒன்றை எடுத்து நுனிவரை வெட்டிக் காட்டினார், ஒரு பிசிறு இல்லை. இல்லத்தரசியின் கை நூற்பெட்டிக்குப் போனபோது பாட்டியே தடுத்தார்.

“அது வேணாம்மா. அஞ்சு வருஷமா ஜன்னலோரம் இருந்துச்சு. தச்சா நிக்காது.”

நேயர்களே, அந்த முதல் விற்பனையில் நூல் விற்றவருக்கும் இது தெரிந்திருக்கலாம். ஐந்தை இரண்டாக்கும் அவசரத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. விலையைக் குறைத்துக்கொண்டே போகிறவரிடம் விற்பவர் விலையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். பேரம் கூடாது என்பதல்ல. சந்தையில் பேரம் பேசாதவரை விற்பவரே மதிக்கமாட்டார். ஆனால் பொருளைப் பற்றிய பேச்சு முதலில், விலை பிறகு.

மிஷினைப் பற்றியும் பாட்டி சொன்னார். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் பாபினைப் பார்க்க வேண்டும். வட்ட பாபின் என்றால் இன்றும் கிடைக்கும், படகு போன்ற நீள ஷட்டில் என்றால் தேடி அலைய வேண்டும். மோட்டார் பூட்டியதென்றால் வயரைப் பார்க்காமல் செருகக் கூடாது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. அங்கே செய்த கறுப்பு மிஷின்கள் இன்னும் நம் வீடுகளில் ஓடுகின்றன. அன்று அந்த மிஷினை வாங்கும் வசதி இல்லத்தரசிக்கு இல்லை.

கத்தரிக்கோலுக்கு எட்டு வெள்ளி கொடுத்தார். வெட்டுத்துணி மூட்டைக்குப் பத்து சொன்னதை ஏழாகப் பேசினார், பாட்டியும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். கொக்கி டின்னை, “வச்சுக்கோம்மா” என்று பாட்டி சும்மாவே பைக்குள் போட்டார். அடுத்த மாதம் நூற்றைம்பது தாம்பூலப் பைகளுக்கு ஒரு கிரகப்பிரவேச வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. துணி அந்த மூட்டையிலிருந்து எடுத்தது. நூல் மட்டும் தேக்கா நிலையத்து மேல்மாடியில், சொன்ன விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு பையிலும் ஒரு தேங்காயை வைத்துத் தூக்கிப் பார்த்த பிறகே அனுப்பினார்.